கழனிப் பானையில் ஒரு கரண்டி இனிப்பு

எதிர்வீட்டுச் செவலைப் பசு என் வீட்டு கேட்டில் முகத்தை வைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்ததும் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். குளிக்கிறேன் என்று தெரு நினைத்துக்கொள்ளட்டும் என்பது யோசனை. காலையில் ஒருமுறை, மேய்ச்சலுக்குப் போகும்போது ஒருமுறை, சாயங்காலம் பால் கறக்கும் நேரத்தில் ஒருமுறை என்று ஒரு மனிதன் குளித்துக்கொண்டே இருந்தால் தெரு என்ன நினைக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. மாடு யோசித்திருக்கும் போலிருக்கிறது. குழாய்ச் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தும். ஆள் உள்ளேதான் இருக்கிறான் என்று அதற்குப் புரிந்துவிடும்.

என்னை இந்த அளவுக்கு விரும்பிய ஜீவன் வேறு கிடையாது. நகைச்சுவை எழுதுகிறவனுக்கும் வாசகர்கள் இருப்பார்கள்தான். ஆனால் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். இது வந்து நின்றது. அந்தப் பெருமையில்தான் எல்லாம் கெட்டது.

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. வயல் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் வீடு ஒன்றே ஒன்று. மற்ற வீடுகளில் மாடு போய்விட்டது, கழனிப் பானை மட்டும் போகவில்லை. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் கொல்லைப்புறத்தில் ஒரு பானையில் சேரும். பானை என்று பேர்; எல்லார் வீட்டிலும் அது பழைய பெயின்ட் பக்கெட். எதிர்வீட்டுப் பெண்மணி காலையில் வந்து அதை எடுத்துப்போய்த் தன் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவாள். பதிலுக்கு, மாடு கன்று போட்டால் ஒரு சொம்பு சீம்பால் வரும். பொங்கலுக்கு வாசல் மெழுகச் சாணி வரும்.

இதற்கு யாரும் எழுதி வைக்காத சில சட்டங்கள் உண்டு. எலுமிச்சைத் தோல் போடக்கூடாது. மீன் கழுவிய தண்ணீர் கூடாது. சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது. மற்றபடி பானைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கிளறிப் பார்ப்பதில்லை. இந்த வீட்டுச் சமையலறையிலிருந்து நேரே அந்த வீட்டு மாட்டின் வாய்க்குப் போகிறது. தன் அண்ணன் அளந்து கொடுத்த நிலத்தையே திரும்ப அளந்து பார்க்கிற ஊர் இது. அந்த ஊரில் இவ்வளவு நம்பிக்கை ஒரு பெயின்ட் பக்கெட்டின் மேல் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். என் மனைவியை 'அக்கா' என்பாள், என்னை 'சார்' என்பாள். அவளுடைய கணவர் கிருமாம்பாக்கத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாடு அவளுடையது. அவருடையது இல்லை என்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள். "எங்க அம்மா வூட்லேருந்து ஓட்டிக்னு வந்த மாட்டோட கண்ணு இது. உன் சம்பளத்துல வாங்குனது இல்ல, தெரிஞ்சிக்கோ." அவர் தெரிந்துகொண்ட மாதிரி தலையாட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்.

எனக்கு சர்க்கரை இருப்பது தெரியவந்ததும் எங்கள் சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பா நாடு கடத்தப்பட்டது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொடி டப்பா வந்து உட்கார்ந்தது. சர்க்கரையைவிட இனிப்பு அதிகம், ஆனால் சர்க்கரை கிடையாது என்று அதன் மேல் எழுதியிருந்தது. சில உறவினர்களைப் பற்றியும் நான் இப்படி நினைத்ததுண்டு. பெங்களூரில் இருக்கும் மகள் அக்கறையாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். மனைவி அதைச் சத்துமாவுக் கஞ்சியில் கலந்து பெரிய டம்ளரில் காலையும் மாலையும் வைப்பாள். முதல் வாய் இனிக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் யாரோ பழைய சாவிக் கொத்தை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

நான் கொல்லைப்புறம் போய் டம்ளரைக் கழனிப் பானையில் கவிழ்த்துவிட்டு வருவேன்.

"குடிச்சாச்சா?" என்பாள் மனைவி.

"ஆச்சு" என்பேன். ஒரு ஜீவன் குடிக்கத்தான் போகிறது என்பதால் அதைப் பொய்க் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

செவலை இரண்டாவது கன்று போட்டிருந்த சமயம் அது. சில நாளில் எதிர்வீட்டுப் பெண்மணி பக்கெட்டைத் திருப்பி வைக்க வரும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வூட்டு கழனின்னா உசுரா கீது சார் அதுக்கு. பக்கெட்டையே நக்குது. அக்கா இன்னாதான் போடுதோ!"

அக்கா ஒன்றும் போடவில்லை. பாராட்டு முழுவதும் எனக்குச் சேர வேண்டியது. அதை வெளியில் சொல்ல முடியாததால் அடுத்த நாள் கஞ்சியோடு அந்தப் பொடியிலும் ஒரு கரண்டி போட்டேன். மாடு மேய்ச்சலுக்கு ஏரிக்கரைப் பக்கம் போகிற வழியில் எங்கள் கேட்டில் நிற்க ஆரம்பித்தது. நான் பக்கெட்டையே வாசலுக்குக் கொண்டுவந்தேன். கரண்டி இரண்டானது. பிறகு நான் கரண்டியே எடுத்துக்கொள்ளவில்லை, டப்பாவைச் சாய்த்தேன். குடித்து முடித்துவிட்டு அது என் முழங்கையை நக்கும். உப்புத்தாளால் தேய்த்த மாதிரி எரியும். ஆனாலும் கையை எடுக்க மனம் வராது. "போதும்டி, நாளைக்கு" என்று சொல்லி அனுப்புவேன். ஐம்பது வயதுக்கு மேல் இப்படிச் சொல்ல எனக்கு ஆள் கிடைத்தது.

இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். என் எழுத்துக்குக் கிடைக்காத ரசிகை என் கழனிப் பானைக்குக் கிடைத்திருக்கிறாள் என்கிற ரீதியில் போகும். நாலு பேர் போன் செய்து பாராட்டினார்கள். நான் அந்தப் பாராட்டுகளில் நனைந்துகொண்டிருந்த நாட்களில்தான் செவலை தன் வீட்டுத் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது.

"தவுடு புண்ணாக்கு கரைச்சி வெச்சா மோந்து பாத்துட்டு போவுது சார். பெரிய மகாராணி! வைக்கோல ரெண்டு இழு இழுக்குது, வுட்டுடுது. உங்க வூட்டு தண்ணி ஒண்ணுதான் எறங்குது அதுக்கு."

முதலில் அவள் இதைச் செல்லமாகத்தான் சொன்னாள். அப்புறம் குரல் மாறியது. கன்று முட்டி முட்டிக் குடிக்கும், மடியில் ஒன்றும் இருக்காது. பால் சொசைட்டிக்குக் கேன் நிறையக் கொண்டுபோனவள் அரைக் கேனோடு போனாள். சாணி ஒருநாள் தண்ணீராகப் போகும், ஒருநாள் உருண்டையாக விழும். முதுகெலும்பு வரிசை துணி காயப்போட்ட கொடி மாதிரி தெரிந்தது. கண் பட்டிருக்கும் என்று கற்பூரம் சுற்றினாள். அது போதாதென்று தோன்றியதும் பானைகளைச் சந்தேகப்பட்டாள்.

எங்கள் வீட்டைத் தவிர அவள் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் ஒன்று தெருமுனை பாய் கடை வீடு. வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடித்தனம். தெருவில் கடைசியாக வந்த வீட்டுக்குத்தான் சந்தேகம் முதலில் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி அவர்கள் பக்கெட்டைக் கொண்டுபோய்க் கடைப் படியில் கவிழ்த்து வைத்தாள்.

"சோப்பு தண்ணியக் கலந்துட்டு ஒண்ணுந்தெரியாத மாதிரி குடுக்கறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

கடை வீட்டுப் பெண்மணி எடை போட்டுக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். "யம்மா, சோப்பு விக்கிற விலைக்கு அத மாட்டுக்கு வேற போடுவாங்களா? எனக்கு இன்னா பைத்தியமா?"

"பின்ன எப்புடி அது தொட்டியில வாயே வெக்க மாட்டேங்குது?"

"உன் மாடு வாய் வெக்கலன்னா அதும் வாயக் கேளு. என் வாயக் கிளறாத."

பேச்சு அங்கே நிற்கவில்லை. எங்கெங்கோ போயிற்று. போகக் கூடாத இடங்களுக்கும் போகப் பார்த்தது. நான் நடுவில் போய் நின்றேன். "விடுங்கம்மா, பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க" என்று கடை வீட்டுக்காரியிடம் சொன்னேன். "வாயில்லா ஜீவன் கஷ்டப்படுது, அந்த வேதனையில பேசறாங்க" என்று எதிர்வீட்டுக்காரிக்காக வாதாடினேன். சமாதானம் ஆயிற்று. இரண்டு பேருமே எனக்கு நன்றி சொன்னார்கள். திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பெண்மணி என்னோடு நடந்துவந்தாள். "இனிமே யாரு வூட்டு தண்ணியும் வேணாம் சார். உங்க வூட்டு தண்ணி ஒண்ணுதான் சுத்தம்" என்றாள்.

அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்ததா என்றால், இருந்தது. செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி. நடக்க முடிகிற வரை நடந்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து படித்தேன். எந்தத் துன்பம் வந்தாலும் முதலில் படிப்பது என் வழக்கம். அதற்குள் துன்பம் அலுத்துப்போய் எழுந்து போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகள் தீவனத்தைத் தொடாது என்பதால் அதில் இதே மாதிரி இனிப்பைக் கலக்கிறார்கள், குட்டிகள் நன்றாகத் தின்கின்றன என்று ஓரிடத்தில் இருந்தது. மனம் குளிர்ந்தது. நான் செய்ததும் விஞ்ஞானம்தான். அடுத்து எலிகள் வந்தன. இனிப்பு வருகிறது என்று நாக்கு தந்தி அடிக்கிறது. வயிறு இலை போட்டுக் காத்திருக்கிறது. பரிமாற ஒன்றும் வருவதில்லை. இப்படி ஏமாந்த எலிகளில் சில அதிகமாகத் தின்றன, சில குறைத்துக்கொண்டன. சிலவற்றின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் கூட்டமே மாறிப்போனது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த இனிப்பு, எவ்வளவு, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தது என்றார்கள். பசுவைப் பற்றி எனக்கு அகப்பட்டது கொஞ்சம்தான். அதன் முதல் வயிறு தனி ஊர். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அங்கே உட்கார்ந்து வைக்கோலை நொதிக்க வைத்து மாட்டுக்குச் சாப்பாடாக்கித் தருகின்றன. தீனியைத் திடுதிப்பென்று மாற்றினால் அந்த ஊர் கலங்கிப்போகும் என்பது மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது.

நிச்சயமாக இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. அந்த 'நிச்சயமாக' இல்லாததை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீதிபதியும் நானே, குற்றவாளியும் நானே என்பதால் சந்தேகத்தின் பலன் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது.

மாட்டு டாக்டரம்மா வந்தபோது செவலை தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தது. கண்ணைப் பார்த்தார், வாயை முகர்ந்தார், வயிற்றில் கையை முட்டியாக வைத்து அழுத்திப் பார்த்தார். கன்று போட்ட மாட்டுக்குப் பால் வழியாகச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் தீனி குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் தீனி இன்னும் பிடிக்காமல் போகும் என்று விளக்கிவிட்டுக் கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். நெட்டையாக இருப்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. சர்க்கரை அதிகமாகிப்போனவன் சர்க்கரை இறங்கிப்போன மாட்டுக்குப் பாட்டில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புதுசா எதனா குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. கடை வூட்டு தண்ணியக்கூட நிறுத்திட்டேன்" என்றாள் எதிர்வீட்டுப் பெண்மணி.

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்த சுகர் பேஷன்ட்டெல்லாம் போட்டுக்கறாங்களே, சர்க்கரை இல்லாத இனிப்பு, அது மாட்டுக்குப் போனா என்ன ஆகும்?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "மாட்டுக்கு எதுக்கு சார் சுகர் ஃப்ரீ? அதுக்கு சுகரே இல்லன்னுதான் நான் பாட்டில் ஏத்திக்கிட்டு இருக்கேன்."

எதிர்வீட்டுப் பெண்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை நாளாக அழுதவள் சிரித்தாள். "சார் எப்பவும் இப்புடித்தாம்மா. காமெடியா எழுதுவாரு, பேப்பர்லயெல்லாம் வரும்." கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவரும் டாக்டரம்மாவும் சிரித்தார்கள். நான் சொன்ன ஒன்றுக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். பாட்டிலை இன்னும் உயரத் தூக்கினேன்.

அன்றோடு டம்ளரைக் கவிழ்ப்பதை நிறுத்தினேன். பொடியை நிறுத்தினேன். குற்றத்தை நிறுத்திவிட்டால் மன்னிப்பு தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் மாடு நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுச் சாதாரணக் கழனியையும் முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. கேட்டில் வந்து நின்று கத்தியது. குளியலறை விவகாரம் அப்போது தொடங்கியதுதான்.

மூன்றாவது முறை குளித்துவிட்டு நான் ஈரமே இல்லாமல் வெளியே வந்தபோது மனைவி பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் அனுப்புவது பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுவதையும், எனக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை என்பதையும் அவள் ஏற்கெனவே சேர்த்துப் பார்த்துவிட்டாள். சொன்னேன்.

"கட்டி தட்டாம கிண்டிக் கிண்டி வைக்கறனே, அதையா மாட்டுக்கு ஊத்தினீங்க?" என்றாள். மாட்டைப் பற்றிய கோபம் இரண்டாவதாக வந்தது. வந்தபோது பெரிதாக வந்தது. "போய் அவகிட்ட சொல்லுங்க."

"சொன்னேனே. டாக்டர் முன்னாலயே சொன்னேன். சிரிச்சாங்க."

"சிரிக்கற மாதிரி சொன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொல்ற மாதிரி சொல்வது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கணவர் தரகரோடு பேசி முடித்துவிட்டார். மாட்டை மதகடிப்பட்டு சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவள் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து மனைவியிடம் அழுதாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"கண்ணுக்குட்டிய மட்டும் வெச்சிக்கலாம்ங்கிறாருக்கா. துன்னாத மாட்ட எத்தினி நாளிக்கி கட்டி வெச்சிக்னு பாக்கறது, செத்துட்டா தூக்கறதுக்கும் ஆளு வேணும்ங்கிறாரு. பால் இல்லாத மாட்ட யாருக்கா வளக்க வாங்குவா? அது எங்க போவும்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்தேன். எழுந்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எனக்கு நினைவிருக்கும் காட்சிகளில் நான் அழித்துவிட விரும்புவது இதுதான்.

மறுநாள் காலையில் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறந்து பலகை சாத்தினார்கள். செவலை ஏறவில்லை. கணவர் முன்னால் இழுத்தார், தரகர் பின்னாலிருந்து தள்ளினார். அது கயிற்றை இழுத்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து எங்கள் கேட்டில் வந்து நின்று கத்தியது. கொட்டிலில் இருந்து கன்று பதிலுக்குக் கத்தியது.

நான் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"வண்டிய நிறுத்துங்க. மாட்டுக்கு வந்திருக்கறது நான் குடுத்த வியாதி" என்றேன்.

"சார், நேரங்காலம் தெரியாம காமெடி பண்ணாதீங்க சார்" என்றார் கணவர்.

"காலையில அது தொடாத தவிட்டுத் தண்ணி இருக்குதில்ல? அந்தத் தொட்டியக் கொண்டாங்க."

எதிர்வீட்டுப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஆறிப்போன தவிடும் புண்ணாக்கும் அப்படியே நின்றிருந்தன. செவலையிடம் வைத்தாள். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான் டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கையாலேயே கலக்கினேன். மாடு என் கையை ஒருமுறை நக்கியது. அப்புறம் தொட்டிக்குள் மூக்கு வரை முகத்தை விட்டு உறிஞ்ச ஆரம்பித்தது. அடிவரை உறிஞ்சியது. காலித் தொட்டியை நக்கித் தெருவில் தள்ளிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் சிமென்ட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இது இன்னா சார்?" என்றாள் அவள்.

"எனக்கு வர்ற இனிப்புப் பொடி. எனக்குப் பிடிக்கல. கழனியில கொட்டினேன். அப்புறம் வேணும்னே கொட்டினேன்."

"எத்தினி நாளா?"

"கன்னு போட்டதுலேருந்து."

"டாக்டரம்மா கேக்கசொல்ல இங்கதான நின்னீங்க? பாட்டில புடிச்சிக்னு?"

"ஆமா."

"நீங்க கேட்டது காமெடி இல்லியா?"

"இல்லம்மா."

கணவர்தான் முதலில் வெடித்தார். "யோவ், படிச்சவன்தானய்யா நீ?" என்றார். சாரிலிருந்து யோவுக்கு வந்துவிட்டார். நியாயமான இறக்கம் என்று எனக்கே பட்டது. வண்டி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாடு ஏறுதா இல்லியா? சொல்லிடுங்கபா, எனக்கு வேற லோடு கீது" என்றார்.

"ஏறாது, போ!" என்று கத்தினாள் அவள். கயிற்றைக் கணவர் கையிலிருந்து பிடுங்கினாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஒரு கடன் கழிந்த மாதிரி இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தெருமுனைக் கடையைப் பார்த்தாள். "அய்யோ, அந்தம்மாவ இன்னா பேச்சு பேசிட்டேன் நானு" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அவமானம் என்னுடையது. அதைச் சுமந்துகொண்டு நின்றது அவள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த முறை ஒரு பேச்சுக்குக் கேட்கவில்லை.

"நிஜமாவா சார்?" என்றார். "இது ஒண்ணாலதான்னு என்னால சொல்ல முடியாது. கன்னு போட்ட மாடு, தீனி வெறுக்கப் பல காரணம் இருக்கும். ஆனா வெறும் இனிப்புத் தண்ணியில வயித்த ரொப்பிக்கிட்டு, சத்து இருக்கற தீனியத் தள்ளியிருக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நான் மருந்து குடுத்த விதமே வேற." பிறகு வழி சொன்னார். பொடியைத் தொடவே வேண்டாம். தவிட்டில் வெல்லம் கரைத்து வைத்து, நாளுக்கு நாள் வெல்லத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அவர் வந்து இன்னும் பாட்டில் ஏற்றுவார். "அப்புறம், மாடு உங்களப் பாக்கக் கூடாது சார். பாத்தா தொட்டியில நிக்காது."

வெல்லத்தை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். தெருமுனைக் கடையைத் தவிர வேறு கடைக்குப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடை வீட்டுப் பெண்மணிதான் கல்லாவில் இருந்தாள். "மண்டை வெல்லம் வேணும்" என்றேன்.

"உங்களுக்கா சார்? சுகர்னு சொல்வீங்களே."

"மாட்டுக்கு." சொல்லத் தொடங்கினேன். அவள் வெல்லத்தை எடுத்துத் தராசில் வைத்துக்கொண்டே, "தெரியும் சார்" என்றாள். "அவ அப்பவே வந்துட்டா. தோ, இந்தப் படியில குந்திக்னுதான் அழுதா. அவ அழுவறத பாத்து நானும் அழுதேன். ரெண்டு பேரும் அழுது முடிச்சி டீ குடிச்சிட்டோம். நீங்க இப்பத்தான் வரீங்க."

"தப்புதாம்மா."

"அன்னிக்கி நடுவுல வந்து நின்னீங்களே சார். 'பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க'ன்னு என்கிட்ட சொன்னீங்க."

"சொன்னேன்."

"நானும் வுட்டேன்" என்றாள். வெல்லத்தைத் தாளில் சுற்றி நூல் கட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்ப அந்த மனச நான் இன்னா பண்றது, சொல்லுங்க?"

வெல்லத்துக்குக் காசை எண்ணி வைத்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பதுதான் என் தொழில்.

வெல்லத்தை மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டுப் பெண்மணி எங்கள் பக்கெட்டை எடுக்க வரவில்லை. எங்கள் கழனித் தண்ணீர் இப்போது வாழைக்குப் போகிறது. காலையில் அவள் கடை வீட்டு பக்கெட்டோடு எங்கள் வாசலைக் கடந்து போவாள். அந்த பக்கெட்டை அவள் முன்னைவிட உயரத் தூக்கிக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றும். தோன்றுவது மட்டும்தானா என்று யாரிடமும் கேட்க முடியாது.

செவலை சுலபத்தில் திரும்பவில்லை. ஒருநாள் தின்னும், மறுநாள் தள்ளும். டாக்டரம்மா மறுபடி வந்து பாட்டில் ஏற்றினார். வேறு யாரோ தூக்கிப் பிடித்தார்கள். மாடு கண்ணில் படக்கூடாது என்பதால் அது வெளியே வரும் நேரங்களில் நான் பின்கட்டில் இருந்தேன். போன் வந்தாலும் மெதுவாகப் பேசினேன். நகைச்சுவைக் கட்டுரை கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். மாடு கேட்டில் நின்று கத்துவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் காலையில் கத்தாமலே கடந்து போனது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடவே, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் வலித்தது.

அதற்குச் சில நாள் கழித்து எதிர்வீட்டுப் பெண்மணி வந்தாள். வாசலிலேயே நின்று மனைவியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னிக்கி வெல்லமே போடல. தொட்டிய காலி பண்ணிட்டு வைக்கோலும் துன்னுது. அசை போட்டுக்னு கீது. கண்ணுக்குட்டி வயிறு ரொம்பி பட்டுனு படுத்துடுச்சி."

"அப்பாடா" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

"சார்கிட்ட சொல்லுங்கக்கா. அவரு வெளிய வரட்டும், நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். மாட்டாண்ட மட்டும் பேச வேணாம்னு சொல்லுங்க."

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். சரிம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே செவலை கொட்டிலில் இருந்தது. என் குரல் கேட்டுத் தலையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. சொல்லாமலே நின்றேன்.